ஹாம்பர்க் மாப்பிள்ளை

"கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுத்தான்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

சொன்னவர் பெயர் வைத்தியநாதன். கல்கத்தாவில் கார்டன் ரீச் ரயில்வே தலைமையகத்தில் பணியாளர் பிரிவு சூப்பரின்டெண்டென்ட். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். பிறருடைய விண்ணப்பங்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது அவர் வேலை. அந்த வேலையில் அவருக்குச் சலிப்பு வந்ததாகத் தெரியவில்லை.

துப்பறிவாளர் அருணாசலம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பாலிகஞ்சில் ஒரு மிட்டாய்க் கடைக்கு மேல் மாடியில் அவர் அலுவலகம். 1982, மே மாதக் கடைசி. லோட்ஷெடிங் ஆரம்பித்து, மின்விசிறி நின்று நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. உதவியாளர் சுந்தரி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு ஃபைலால் விசிறிக்கொண்டிருந்தாள். அந்த ஃபைலுக்கு வேறு உபயோகம் ஏற்பட்டதில்லை.

"மாப்பிள்ளை பேர்?" என்றார் அருணாசலம்.

"சீதாராமன்."

"நல்ல பேர் சார்," என்றாள் சுந்தரி. "ஒரே ஒரு பெண்டாட்டிக்காரர் பேர்."

வைத்தியநாதன் அவளைத் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. மறுபடி அருணாசலத்தின் பக்கம் திரும்பிக் கதையைத் தொடர்ந்தார்.

பெண் விஜயலக்ஷ்மி. ஒரே பெண். பெண்கள் கல்லூரி ஒன்றில் கெமிஸ்ட்ரி லெக்சரர். மாப்பிள்ளை தாராதலாவில் ஒரு மின்விசிறிக் கம்பெனியில் எஞ்சினியர். ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, டிசம்பரில் நிச்சயமான சம்பந்தம். கம்பெனி அவனை மூன்று வருஷத்துக்கு மேற்கு ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்துக்கு அனுப்புகிறது. அலிப்பூரில் இருக்கும் கான்சலேட்டில் விசாவுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். செப்டம்பரில் அவன் மட்டும் கிளம்புகிறான். ஒரு வருஷம் கழித்து விஜியை அழைத்துக்கொள்வான். இதுதான் ஏற்பாடு.

"நேத்திக்குப் பஞ்சாங்கத்தைப் பிரிச்சேன். முகூர்த்த நேரத்தை இன்னொரு தரம் பார்த்துக்கலாம்னு. உள்ளே இது இருந்தது."

நாலாக மடித்த ஒரு தாளை மேஜை மேல் வைத்தார். அருணாசலம் பிரித்தார். மேற்கு ஜெர்மனி விசாவுக்கு வேண்டிய காகிதங்களின் பட்டியல். விண்ணப்பப் படிவம், பாஸ்போர்ட், காது தெரியும்படி எடுத்த போட்டோ, உடல்நலச் சான்று என்று பத்து வரி. எழுத்து சீதாராமனுடையது. பெண் வீட்டுக்கு அவன் போட்ட கடிதங்களை வைத்துக்கொண்டு வைத்தியநாதன் அதை ஏற்கெனவே ஒப்பிட்டுப் பார்த்திருந்தார்.

"ஏழாவது வரி," என்றார்.

ஏழாவது வரியில் 'கல்யாண சர்டிஃபிகேட், அசல் ஒன்று, அத்தாட்சி பெற்ற நகல் இரண்டு' என்று இருந்தது. பக்கத்தில் ஒரு டிக்.

"வாங்கணும்னு மட்டும் எழுதியிருந்தா நான் தூங்கியிருப்பேன். டிக் போட்டிருக்கான். டிக் போட்டா கையில வந்தாச்சுன்னு அர்த்தம். நான் முப்பத்தொரு வருஷமா டிக் போட்டுண்டிருக்கேன் சார்."

"அவர்கிட்டயே கேட்டீங்களா?"

"கேட்டு, இல்லேன்னு சொன்னான்னா நம்ப முடியாது. ஆமான்னு சொன்னான்னா..." வைத்தியநாதன் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் எதுவும் இல்லை. "விஜி யார்கிட்டயும் அதிகமா சிரிச்சுப் பேச மாட்டா. இந்தப் பையன் வந்தா சிரிக்கறா."

சுந்தரி விசிறுவதை நிறுத்தியிருந்தாள்.

"வீட்டில சொன்னீங்களா?"

"சொல்லலை. ஜகதா பயந்துடுவா. எதையும் தாங்க மாட்டா. கோயில், சமையல், இதைத் தாண்டி ஒண்ணும் தெரியாது அவளுக்கு." அருணாசலத்தின் விசிட்டிங் கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போய் நின்று, "சீக்கிரம்," என்றார்.

அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்த பிறகு அருணாசலம் பட்டியலை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"சுந்தரி, க்ளையண்ட் ஏழாவது வரியை மட்டும்தான் பார்த்திருக்கார். மத்த வரியைப் பாரு."

சுந்தரி வந்து குனிந்தாள். "பாஸ்போர்ட்டுக்கு ரெண்டு டிக் சார். போட்டோவுக்கு ரெண்டு, படிவத்துக்கு ரெண்டு, உடல்நலச் சான்றுக்கு ரெண்டு. மாப்பிள்ளை ரொம்ப ஜாக்கிரதை பேர்வழி போல."

"கல்யாண சர்டிஃபிகேட்டுக்கு?"

"ஒண்ணு."

"ஒன்பதாவது வரி. இன்ஸ்டிட்யூட் தரும் உதவித்தொகைக் கடிதம்?"

"அதுக்கும் ஒண்ணு." சுந்தரி நிமிர்ந்தாள். "ஓ மா! ஆளுக்கு ஒண்ணு வேணும்னா ரெண்டு டிக். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணு போதும்னா ஒரு டிக்."

"போகப்போறது ஒருத்தர் இல்லை. ரெண்டு பேர்."

"ரெண்டாவது ஆளோட காதும் போட்டோவில தெரியுது." சுந்தரி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப இங்க ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்கிட்டு, அங்க வேற ஒருத்தியைக் கூட்டிக்கிட்டுப் போறாரா? இதுக்குத் தைரியம் வேணும் சார். நல்ல ஞாபகசக்தியும் வேணும்."

அருணாசலம் தாளைத் திருப்பினார். பின்பக்கம் பென்சிலில் என்.எல்.எஸ். என்ற மூன்று எழுத்துகளும், 4417, 4418 என்று இரண்டு எண்களும் இருந்தன.

"என்.எல்.எஸ்.?"

"நியூ லைட் ஸ்டுடியோ. பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கம்," என்றாள் சுந்தரி. அவள் பிறந்து வளர்ந்தது அந்த வட்டாரத்தில்தான். "என் மெட்ரிக் ஹால் டிக்கெட் போட்டோ அங்கதான் எடுத்தாங்க. பரீட்சை ஹாலுக்குள்ள விட மாட்டேன்னுட்டாங்க."

மறுநாள் புதன்கிழமை காலை அவர்கள் முதலில் தாராதலாவுக்குப் போனார்கள். மின்விசிறிக் கம்பெனியின் மேனேஜர் ஒரு பஞ்சாபி. ஹாம்பர்க் என்ற சொல்லை அவர் இரண்டு முறை சொல்ல வைத்துக் கேட்டார்.

"எங்கள் கம்பெனி யாரையும் ஹாம்பர்க்குக்கு அனுப்பவில்லை," என்றார். "ஆட்களை ஹௌராவுக்கு அனுப்பவே எங்களுக்கு ஆள் பற்றாக்குறை. அங்கே குளிர்காலம் எட்டு மாசம் என்கிறார்கள். மின்விசிறியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?"

"சீதாராமன்?"

"நல்ல எஞ்சினியர். ஆகஸ்டோடு ராஜினாமா என்று கடிதம் கொடுத்துவிட்டார். காரணம் குடும்பம் என்று எழுதியிருந்தார். குடும்பம் என்று எழுதிவிட்டால் மேலே கேட்கக் கூடாது."

வெளியே வந்ததும் சுந்தரி, "ஹாம்பர்க் வேலையும் பொய், கம்பெனி அனுப்பறதும் பொய்," என்றாள். "இதுவரைக்கும் அந்த ஆள் உண்மையைச் சொன்னது போட்டோகிராஃபர்கிட்ட மட்டும்தான்னு நினைக்கிறேன்."

நியூ லைட் ஸ்டுடியோவில் வெளிச்சம் குறைவு. நிதாய் பாபு என்ற கிழவர் நடத்திக்கொண்டிருந்தார். சுந்தரி வங்காளியில் நலம் விசாரித்து, தன் மெட்ரிக் போட்டோவை மன்னித்துவிட்டதாகச் சொன்னாள். பிறகு இரண்டு எண்களையும் சொன்னாள்.

நிதாய் பாபு பதிவு நோட்டைப் பார்க்காமலே தலையாட்டினார். "மதராஸி ஜோடி. பிப்ரவரி மாசம். பையன் சாது. எந்தப் பக்கம் திரும்பச் சொன்னாலும் திரும்பினான். அந்தப் பெண்தான்..." என்று பெருமூச்சு விட்டார்.

"என்ன பண்ணினாள்?"

"காதை மூடாமல் தலைமுடியை ஒதுக்கச் சொன்னேன். விசாவுக்கு எதற்குக் காது என்று கேட்டாள். கான்சலேட்டில் கேட்கிறார்கள் என்றேன். கண்ணும் மூக்கும் மாறிவிட்டாலும் காது மாறாது, அதற்காக இருக்கும் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். அப்புறம் மூக்கை உறிஞ்சினாள். படம் கழுவும் என் ஃபிக்ஸர் மருந்து பழசாகிவிட்டதாம். மாற்றாவிட்டால் படம் மஞ்சளாகிவிடுமாம். வாசனையை வைத்தே சொன்னாள். சோடியம் தயோசல்ஃபேட் என்று அதன் முழுப் பெயரையும் சொன்னாள். நாற்பது வருஷமாக அதில் கையை விட்டுக்கொண்டிருக்கிறேன். அதன் முழுப் பெயர் எனக்குத் தெரியாது."

அருணாசலமும் சுந்தரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவள் முகத்தைப் பார்க்கலாமா? நெகடிவ் போதும்," என்றார் அருணாசலம்.

"பெண்கள் படத்தை அந்நிய ஆட்களுக்குக் காட்டுவதில்லை, ஐயா." நிதாய் பாபு எதிரே இருந்த சந்துப் பக்கம் கையைக் காட்டினார். "அங்கே சட்டோபாத்யாய் இருக்கிறார், மேரேஜ் ஆபீசர். அவர் முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே இங்கே வந்தார்கள். அவருடைய நோட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சட்டமே அப்படித்தான்."

மேரேஜ் ஆபீசர் சட்டோபாத்யாய் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பதிவுப் புத்தகத்தை எடுத்துப் போட்டுவிட்டு, வாசலில் நின்றபடியே சொன்னார்: "நோட்டீஸ் முப்பது நாள் இந்தச் சுவரில் தொங்கியது. ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம். இருபது வருஷமாகத் தொங்கவிடுகிறேன். கொசு மருந்து விளம்பரத்தைப் படிக்கிறார்கள். இதை யாரும் படிப்பதில்லை."

அருணாசலம் பக்கங்களைப் புரட்டினார். பிப்ரவரி பதினொன்று. மணமகன், சீதாராமன், எஞ்சினியர். விரல் அடுத்த வரிக்குப் போய் அங்கேயே நின்றது.

"சுந்தரி, படி."

"மணமகள், விஜயலக்ஷ்மி. தகப்பனார் பேர்..." சுந்தரியின் குரல் ஒரு படி இறங்கியது. "வைத்தியநாதன். விலாசம், லேக் மார்க்கெட். தொழில், கல்லூரி லெக்சரர்."



"சார், மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு," என்றாள் சுந்தரி. "பொண்ணுக்கும் ஆயிடுச்சு. ரெண்டுக்கும் ஒரே தேதி."

"சாட்சி மூணு பேர் இருக்கணுமே."

"ரெண்டு பேர் காலேஜ் லெக்சரர்கள். மூணாவது கையெழுத்து வங்காளியில இருக்கு." சுந்தரி புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். எழுத்து எழுத்தாகப் படித்தாள். பிறகு புத்தகத்தை மெல்ல மூடினாள். "ஸ்ரீமதி ஜகதாம்பாள். சார், கோயிலையும் சமையலையும் தாண்டி அந்த அம்மாவுக்கு வேற ஒண்ணும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கு."

லேக் மார்க்கெட் பக்கம் மூன்றாம் மாடி. வைத்தியநாதன் ஆபீசில் இருக்கும் நேரம். அருணாசலம் காலிங் பெல்லை அழுத்துவதற்கு முன்பே கதவு திறந்தது. ஐம்பது வயதில், நெடுநெடுவென்று உயரமாக ஒரு அம்மாள் நின்றாள்.

"துப்பறியறவாதானே? வாங்கோ. நேத்து சாயங்காலத்துலேருந்து எதிர்பார்த்துண்டிருக்கேன்."

"எப்படித் தெரியும்?"

"அவர் சட்டைப் பையில உங்க கார்டு இருந்தது. சட்டையைத் தோய்க்கறது நான்தானே. உக்காருங்கோ, காபி கொண்டு வரேன்."

சுந்தரி அருணாசலத்தின் காதருகே, "நம்ம ஆபீசுக்கு இவங்களை எடுத்துக்கலாம் சார்," என்றாள்.

ஜகதாம்பாள் காபியோடு வந்தாள். அவளுடைய தாத்தா காலத்திலேயே கல்கத்தாவுக்கு வந்துவிட்ட குடும்பம். பள்ளிக்கூடத்தில் படித்தது வங்காளி. தமிழை வீட்டில் பேசுவாள், எழுத வராது. பதிவுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டதாக அருணாசலம் சொன்னதும் அவள் மறைக்க முயலவில்லை.

"ஹாம்பர்க் போறது மாப்பிள்ளை இல்லை," என்றாள். "விஜி. அங்க ஒரு யூனிவர்சிடி இன்ஸ்டிட்யூட்டோட உதவித்தொகை அவளுக்கு வந்தது. மூணு வருஷ ஆராய்ச்சி. மாப்பிள்ளை அவளோட கூடப் போறார், அவ்வளவுதான்."

அருணாசலம் டம்ளரைக் கீழே வைத்தார். "அவர் எஞ்சினியர் வேலையை விட்டுட்டா?"

"அங்க போய்த் தேடிக்கறேங்கறார். பொண்ணு பார்க்க வந்தாரே, அன்னிக்கு ரெண்டு பேரையும் பால்கனியில பேச விட்டோம். விஜி நேராவே சொல்லிட்டா, எனக்கு இப்படி ஒரு இடம் கிடைக்கப் போறது, நான் போவேன், நீங்க கூட வருவேளான்னு. அவர் ரொம்ப நேரம் யோசிச்சார். கடைசியில அங்க தயிர் கிடைக்குமான்னு கேட்டார். கிடைக்கும்னா. சரின்னுட்டார்."

"அவ்வளவுதானா?" என்றாள் சுந்தரி.

"அவ்வளவுதான். நான் சமையல்கட்டுலேருந்து கேட்டுண்டிருந்தேன். அப்பவே முடிவு பண்ணிட்டேன், இந்தப் பையனை விடப்படாதுன்னு."

"வைத்தியநாதன் சார்கிட்ட ஏன் சொல்லலை?"

ஜகதாம்பாள் புடவைத் தலைப்பால் மேஜையில் சிந்தியிருந்த காபியைத் துடைத்தாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி இதே யூனிவர்சிடியிலேருந்து முதல் தடவை லெட்டர் வந்தது. பொண்ணு தனியா அவ்வளவு தூரம் போகப்படாதுன்னார். அது தப்பில்லை, எல்லா அப்பாவும் சொல்றதுதான். ஆனா அவளைக் கேக்காம, அவ பேர்ல அவரே பதில் எழுதி அனுப்பிட்டார். வர இயலாமைக்கு வருந்துகிறேன்னு. விஜி அழலை. சண்டை போடலை. மறுநாள் காலேஜுக்குப் போயிட்டா. அதுக்கப்புறம் ரெண்டு வருஷமா இந்த வீட்டுல உப்பு போறுமா, குடை எடுத்துண்டாச்சா, இதைத் தவிர அவ எதுவும் பேசினதில்லை."

மாப்பிள்ளையின் கம்பெனிதான் அனுப்புகிறது என்ற கதை ஜகதாம்பாள் கட்டியது. புருஷன் போகும் இடத்துக்குப் பெண்டாட்டி போனால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். செப்டம்பரில் ப்ளேனில் இன்னொரு சீட் காலியாக இருக்கிறது, விஜியும் கூடவே வரட்டும் என்று மாப்பிள்ளையைச் சொல்ல வைப்பதாகத் திட்டம். பதிவுக் கல்யாணம் விசாவுக்காக. புருஷன் என்று காகிதத்தில் இருந்தால்தான் அவனுடைய விண்ணப்பமும் அவளுடையதோடு சேர்ந்து போகும். ஹாம்பர்க்கில் இருக்கும் அலுவலகம் சம்மதம் சொல்ல மூன்று நாலு மாசம் ஆகும். வைகாசிக் கல்யாணம் வரை காத்திருந்தால் அக்டோபரில் ஆராய்ச்சி தொடங்குவதற்குள் போய்ச் சேர முடியாது.

"எல்லாம் சரியாத்தான் போயிண்டிருந்தது," என்றாள். "போன வாரம் கான்சலேட்டுல கூப்பிட்டா. ஹாம்பர்க்குலேருந்து ஃபைல் கேள்வியோட திரும்பி வந்திருக்கு, ஒரு பேப்பர் வேணும்னா. அப்பாதான் கையெழுத்துப் போடணும். வர வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கலைன்னா ஃபைலை மறுபடி அனுப்ப மாட்டாளாம். விஜி சொல்லிட்டா, இந்தக் கையெழுத்தைத் திருட்டுத்தனமா வாங்க மாட்டேன், போகலைன்னாலும் பரவாயில்லைன்னு. அவ மனசையும் மாத்த முடியலை, அவர்கிட்டயும் சொல்ல முடியலை. அதான் மாப்பிள்ளை எழுதின லிஸ்டைப் பஞ்சாங்கத்துக்குள்ள வெச்சேன்."

அருணாசலம் நிமிர்ந்தார். "நீங்க வெச்சதா?"

"படிச்சுட்டு ஒரு கத்து கத்துவார், அந்தச் சாக்குல எல்லாத்தையும் சொல்லிடலாம்னு நினைச்சேன். அவர் கத்தலை. உங்ககிட்ட வந்துட்டார்."

"ஆபீஸ் பழக்கம் மாமி," என்றாள் சுந்தரி. "சிக்கலான ஃபைலை வெளியே அனுப்பிட்டார்."

ஜகதாம்பாள் முதல் தடவையாகச் சிரித்தாள். சிரிப்பு நிலைக்கவில்லை. "அவர்கிட்ட என்ன சொல்லப்போறேள்?"

"அவர் என்ன கேட்டாரோ அதுக்குப் பதில் சொல்வேன் அம்மா. மூடி மறைக்க எனக்குத் தெரியாது."

"மறைக்க வேண்டாம். இன்னிக்கு ஆறு மணிக்கு வாங்கோ. மாப்பிள்ளையை வரச் சொல்றேன். விஜியும் இருப்பா."

ஆறு மணிக்கு அவர்கள் போனபோது வைத்தியநாதன் ஆபீஸ் சட்டையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். துப்பறிவாளர் வீட்டுக்கே வந்து நிற்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மூலையில் ஒல்லியான ஒரு இளைஞன் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். அதுதான் சீதாராமன். விஜி காபி கொண்டுவந்து வைத்தாள். அம்மாவின் உயரம், அப்பாவின் கண்ணாடி.

"இங்கேயே சொல்லணுமா?" என்றார் வைத்தியநாதன் தணிந்த குரலில்.

"எல்லாருக்கும் சம்பந்தப்பட்டது சார்."

வைத்தியநாதன் சீதாராமனைப் பார்த்தார். முகம் இறுகியது. "சரி. ஆயிடுத்தா, இல்லையா?"

"ஆயிடுச்சு. பிப்ரவரி பதினொண்ணாம் தேதி. பதிவுக் கல்யாணம்."

வைத்தியநாதன் எழுந்து நின்றார். மகளின் பக்கம் ஒரு அடி வைத்தார், அவளை யாரோ அடிக்க வருவதைத் தடுக்கப்போவதுபோல. "யாரு அந்தப் பொண்ணு?"

"இப்ப காபி கொண்டுவந்து வெச்சாங்களே சார், அவங்கதான்," என்றார் அருணாசலம்.

கீழே தெருவில் ஒரு ட்ராம் மணியடித்துக்கொண்டு போனது. பிறகு அருணாசலம் எல்லாவற்றையும் சொன்னார், முன்னும் பின்னும் மாற்றாமல், குரலை ஏற்றாமல். உதவித்தொகை யாருடையது என்பதைச் சொன்னார். மூன்றாவது சாட்சி யார் என்பதையும் சொன்னார். அந்த இடத்தில் மட்டும் வைத்தியநாதன் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

"நீயா, ஜகதா?"

"ஆமாம், நான்தான்."

அவர் உட்கார்ந்தார். மகளிடம் கேட்டார். "இந்தத் தடவை எங்கிட்ட ஏன் கேக்கலை?"

"கேட்டா நீங்க பதில் எழுதிடுவேள் அப்பா," என்றாள் விஜி.

கோபத்தில் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். வைத்தியநாதன் கை நாற்காலிப் பிடியை இரண்டு முறை தடவியது. சீதாராமன் எதையோ சொல்ல வாயெடுத்தான். சுந்தரி தலையசைத்து அவனைத் தடுத்தாள்.

"காகிதத்தையெல்லாம் கொண்டா," என்றார் வைத்தியநாதன்.

விஜி தன் அறையிலிருந்து ஒரு உறை கொண்டுவந்தாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் பரப்பினார். பாஸ்போர்ட், யூனிவர்சிடிக் கடிதம், கல்யாண சர்டிஃபிகேட், விண்ணப்பத்தின் நகல். குனிந்து படித்தார். பத்து நிமிஷம் போயிருக்கும்.

"பாஸ்போர்ட்டுல வி. விஜயலக்ஷ்மி," என்றார். "அவா லெட்டர்ல விஜயா தனி, லக்ஷ்மி தனி. லக்ஷ்மியைக் குடும்பப் பேருன்னு நினைச்சுண்டிருக்கா. கல்யாண சர்டிஃபிகேட்டுல விஜயலக்ஷ்மி வைத்தியநாதன். மூணு பேப்பர், மூணு பொண்ணு. இதை எவன் பாஸ் பண்ணுவான்?"

"கான்சலேட்டுல அதைத்தான் கேட்டா மாமா," என்றான் சீதாராமன். "நம்ப பேர் வழக்கத்தை அவாளுக்குப் புரிய வைக்க முடியலை. மூணும் ஒரே ஆள்தான்னு பொண்ணோட அப்பா அஃபிடவிட் குடுக்கணும்னுட்டா. நோட்டரி முத்திரையோட. வெள்ளிக்கிழமைக்குள்ள."

"அவ பேர் என்னன்னு சொல்ல நான் வேணுமா?"

"அவ பேரோட இருக்கறது உங்க பேர்தானே மாமா."

வைத்தியநாதன் எழுந்து உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. ஜகதாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் ஒரு டைப்ரைட்டரைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். சீதாராமன் ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தான். அதை மேஜையில் வைத்து, வெள்ளைத்தாளுக்கு அடியில் கார்பனும் இன்னொரு தாளும் செருகி, வைத்தியநாதன் அடிக்கத் தொடங்கினார். ஒரு தடவைகூட அழிக்காமல், நிதானமாக அடித்தார். வி. விஜயலக்ஷ்மி, விஜயா லக்ஷ்மி, விஜயலக்ஷ்மி வைத்தியநாதன் ஆகிய மூன்று பெயர்களும் என் மகள் ஒருத்தியையே குறிக்கும் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.

அந்தப் பத்திரம் வெள்ளிக்கிழமை காலை நோட்டரி முத்திரையோடு அலிப்பூர் போய்ச் சேர்ந்தது. வைகாசி முகூர்த்தம் குறித்த நேரத்தில் நடந்தது. ஆகஸ்ட் மூன்றாம் வாரம் இரண்டு விசாவும் ஒரே நாளில் கிடைத்தன. ஆனால் அன்று சாயங்காலம் அந்தக் கூடத்தில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. அடித்து முடித்துவிட்டார், இனிக் கையெழுத்துத்தான் பாக்கி என்று அவர்கள் நினைத்தபோது, டைப்ரைட்டர் மறுபடி ஓடத் தொடங்கியது. இன்னும் ஒரு வரி.

சீதாராமன் எட்டிப் பார்த்து வாய்விட்டுப் படித்தான். "மேற்படி என் மகள் ஆராய்ச்சிக்காக ஹாம்பர்க் செல்வதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை." குழப்பத்தோடு நிமிர்ந்தான். "இந்த வரியை கான்சலேட்டுல கேக்கலையே மாமா."

"அது கான்சலேட்டுக்கு இல்லை, மாப்பிள்ளை," என்றார் வைத்தியநாதன்.

தாள்களை உருவிக் கையெழுத்துப் போட்டார். அசலை உறைக்குள் வைத்தார். கார்பன் நகலை விஜியிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி, நின்ற இடத்திலேயே படித்தாள். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"உக்காருங்கோ அப்பா," என்றாள். "ஹாம்பர்க்குல நான் என்ன பண்ணப்போறேன்னு சொல்றேன்."